கடல் தாண்டக் கேட்ட காகிதங்கள்

கணிதமேதை ராமானுஜன் என்றதும் நம் நினைவுக்கு வரும் முகம் ஒரு பாஸ்போர்ட் புகைப்படத்தில் இருப்பது. பாடப்புத்தகங்களில் காலங்காலமாக அச்சாகிவரும் அந்தப் படம், 1919-இல் அவர் இங்கிலாந்திலிருந்து ஊர் திரும்புவதற்காக எடுக்கப்பட்டது. 1914 மார்ச் 17 அன்று மதராஸ் துறைமுகத்தில் ‘நெவாசா’ கப்பலில் ஏறியபோது அப்படி ஒரு படம் தேவைப்படவில்லை. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற பயம் இருந்தது, தாயாரின் சம்மதம் வேண்டியிருந்தது, கப்பல் கூலிக்கும் அங்கே தங்குவதற்கும் பணம் வேண்டியிருந்தது. காகிதம் கேட்டு யாரும் வழிமறிக்கவில்லை. இடையில் முதல் உலகப்போர் வந்தது. பாஸ்போர்ட் கட்டாயமானது. ராமானுஜனுக்காக ஊரில் காத்திருந்த மனைவி ஜானகி, அன்றைய திருச்சி ஜில்லாவில் குளித்தலைப் பக்கம் ராஜேந்திரம் கிராமத்துப் பெண். கணவர் போனபோது கேட்காத ஒரு காகிதத்தை அவர் திரும்பும்போது கேட்டார்கள்.

போர்க்கால ஏற்பாடாக வந்த அந்த வழக்கம் போர் முடிந்த பிறகும் போகவில்லை. 1920-இல் பாரிஸில் கூடிய மாநாடு, எல்லா நாடுகளுக்கும் ஒரே அமைப்பில் 32 பக்கப் பாஸ்போர்ட் புத்தகத்தைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு இந்தியாவில், உள்ளே வருகிறவர்களிடம் பாஸ்போர்ட் கேட்கும் சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டம் நூற்றைந்து ஆண்டுகள் உயிரோடு இருந்தது. 2025 செப்டம்பர் 1 அன்று புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்தபோதுதான் அது விலகியது.

வசதியுள்ளவர்களுக்கு அந்தத் தொடக்க காலத்தில் காகிதம் பெரிய சுமையாக இருந்ததாகத் தெரியவில்லை. திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி.வி.ராமன், 1921-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குக் கப்பலில் போய் வந்தார். நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது 1930 நவம்பரில். அதற்கு நான்கு மாதம் முன்பே, ஜூலையிலேயே, ஸ்டாக்ஹோம் போகத் தனக்கும் மனைவி லோகசுந்தரிக்கும் கப்பலில் இடம் பிடித்துவிட்டார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பரிசு வரும் என்ற அவருடைய உறுதியைக் காட்டத்தான் எல்லோரும் இதைச் சொல்வார்கள். எனக்கு அதில் இன்னொன்றும் படுகிறது. டிக்கெட் முதலில், மற்றதெல்லாம் பிறகு என்று நினைக்க அன்று முடிந்தது. இன்று ஸ்வீடன் விசா கையில் வராமல் டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள் என்றுதான் எந்த டிராவல்ஸ்காரரும் சொல்வார்.

ராமன் ஐரோப்பா போன அதே காலத்தில் திருச்சி வழியாகக் கடல் தாண்டியவர்களில் பெரும்பாலோர் வேறு மாதிரிப் பயணிகள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதற்காகத் தோட்டத் துரைமார்கள் 1904-இல் அமைத்த இலங்கைத் தொழிலாளர் கமிஷனின் தலைமையகம் திருச்சியில் இருந்தது. கங்காணி கூட்டிவந்த குடும்பங்களுக்குத் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லை கொடுத்தார்கள். அதைக் காட்டினால் ரயிலில் ஏறலாம், மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகச் சில நாட்கள் தங்கலாம், கப்பல் ஏறலாம். செலவெல்லாம் கணக்கில் ஏறி, கண்டியிலோ ஹட்டனிலோ இறங்கும்போது கடனாகக் காத்திருக்கும். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடிக்கு ரயில் போக ஆரம்பித்த பிறகு இந்த வழி இன்னும் சுலபமானது. போட் மெயிலில் எழும்பூரிலிருந்து கொழும்புக் கோட்டை வரை ஒரே டிக்கெட் எடுக்க முடிந்தது. பெயர் எழுதிய காகிதம் மேல்வகுப்பில் போகிறவருக்கு, எண் அடித்த தகரம் கூலிக்குப் போகிறவருக்கு என்று இருந்த அந்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கசக்கிறது.

கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடியது அதற்குப் பின்னால். மலேயாவுக்கு உதவித்தொகையில் கூலியாட்களை அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு நிறுத்தியது. அடுத்த ஆண்டு இலங்கைக்கும் அதுவே. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பக்கமும் மூடினார்கள். இலங்கையின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பெண்ணைப் பார்க்கவும் கடை வசூலுக்கும் பக்கத்து ஊருக்குப் போவது போலப் போய்க்கொண்டிருந்தவர்கள் விசா கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. மலேயாவும் சிங்கப்பூரும் 1953-இல் புதிதாக வருகிறவர்களுக்குக் கட்டுப்பாடு போட்டன. நாகப்பட்டினத்தில் நின்று பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் போகும் ‘ரஜூலா’ 1926 முதல் 1973 வரை ஓடியது. பிறகு ‘சிதம்பரம்’ கப்பல், அதுவும் 1985-இல் தீப்பிடித்ததோடு சரி. டெல்டா முழுவதும், திருச்சி உட்பட, பெட்டியில் ‘கப்பல் சாமான்’ வைத்திருந்த வீடுகள் அந்தக் கப்பல்களின் பிள்ளைகள்.

ஐம்பது, அறுபதுகளில் ஒருவர் மேல்படிப்புக்கோ உறவைப் பார்க்கவோ வெளிநாடு போக வேண்டுமென்றால் முதல் போராட்டம் நம் அரசாங்கத்தோடுதான். பாஸ்போர்ட் குடிமகனின் உரிமை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். கொடுத்தாலும் இந்தந்த நாடுகளுக்குச் செல்லும் என்று அதில் எழுதித்தான் கொடுப்பார்கள். 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்லும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகுதான் அவசரமாக, அதே ஆண்டு ஜூனில், பாஸ்போர்ட் சட்டம் வந்தது. நமக்கு இன்று சாதாரணமாகத் தோன்றும் அந்த நீலப் புத்தகத்தின் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது என்பதைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பாஸ்போர்ட் கிடைத்தால் அடுத்தது பணம். கையில் ரூபாய் இருந்தாலும் டிக்கெட் வாங்க ரிசர்வ் வங்கியின் ‘பி’ படிவம் ஒப்புதலாக வேண்டும். அறுபதுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர்கள் சட்டைப்பையில் எட்டு டாலரோடு விமானம் ஏறியதை அந்தத் தலைமுறை இன்றும் சொல்லும். அந்நியச் செலாவணி அவ்வளவு அரிதாக இருந்தது. இன்று ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 2004-இல் இந்தத் திட்டம் தொடங்கியபோது வரம்பு 25,000 டாலர். அன்று கள்ளக்கடத்தல் என்று பெயர் வாங்கியிருக்கக்கூடிய தொகையை இன்று வங்கிச் செயலியில் நிரப்பி அனுப்புகிறோம்.

பாஸ்போர்ட் எடுப்பதும் அடியோடு மாறிவிட்டது. ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் மதராஸ்தான். பின்னர் திருச்சியிலேயே அலுவலகம் வந்தது. மேலப்புலிவார்டு ரோட்டில் தண்ணீர்த்தொட்டிக் கட்டிடத்தில் இயங்கும் மண்டல அலுவலகத்தில் தஞ்சாவூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை, பெரம்பலூர், கரூர் மக்களுக்கும் காரியம் நடக்கிறது. கையால் எழுதிய புத்தகங்கள் ஓய்ந்தன. 2015 நவம்பர் 24-க்குப் பிறகு உலகின் விமான நிலையங்கள் அவற்றை ஏற்க வேண்டியதில்லை என்று சர்வதேச விதி சொன்னதும் பழைய இருபது ஆண்டுப் பாஸ்போர்ட்காரர்கள் ஓடிவந்து மாற்றிக்கொண்டார்கள். பாஸ்போர்ட் சேவா மையம், இணையத்தில் நேரம் குறித்தல், டோக்கன், அதே இடத்தில் புகைப்படம், கைரேகை என்று வேலை சீராக நடக்கிறது. 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். 2025-இல் தமிழ்நாட்டில் சிப் வைத்த பாஸ்போர்ட் கொடுக்க ஆரம்பித்தார்கள். அட்டையின் கீழே சிறிய பொன்னிறச் சின்னம் இருந்தால் அது அந்த வகை. வரிசையில் நின்று பார்த்தவர் யாரும் இந்த முன்னேற்றத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனாலும் நம் பக்கத்துக் கதவு எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (குடியேற்ற அனுமதி தேவை) என்று அடித்திருக்கும். வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போக அவர் 1983 குடியேற்றச் சட்டப்படி தனி அனுமதி வாங்க வேண்டும். ஏமாற்று ஏஜென்ட்டுகளிடமிருந்து காக்கத்தான் இந்த விதி. காக்கிறதா என்றால் ஓரளவு காக்கிறது. சுற்றுலா விசாவில் அனுப்பிவிட்டு அங்கே போய் வேலையாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசை காட்டுகிறவர்களின் வழியை அது அடைக்கவில்லை. துறையூர், மணப்பாறைப் பக்கத்துக் குடும்பங்கள் இதற்குக் கொடுக்கும் விலை பெரிது.

இப்போது ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். உத்திர வீதிகளிலும் அம்மா மண்டபம் சாலை அடுக்குமாடிகளிலும் பிள்ளைகள் அமெரிக்காவிலோ லண்டனிலோ இருக்கும் வீடுகள் ஏராளம். ஓய்வூதியத்தில் வாழும் பெற்றோர், போகும் வழியில் ஐரோப்பாவையும் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். பாரிஸ், சுவிட்சர்லாந்து, வியன்னா, பிறகு மகன் வீடு. நல்ல ஹோட்டல், நல்ல விமானம், எல்லாவற்றுக்கும் பணம் தயார். அவர்கள் பயணம் நிற்பது பணத்தால் அல்லாமல் காகிதத்தால் என்றால் ராமானுஜன் காலத்து மனிதர் நம்பமாட்டார்.

ஐரோப்பாவில் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் நாடுகளில் எதில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விசா கேட்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் இறங்கும் நாட்டிடம். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். எழுபதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பிரீமியமே கனக்கும். 2024 ஜூன் முதல் ஆளுக்கு 90 யூரோ கட்டணம், மறுத்தாலும் திரும்ப வராது. அந்த 2024-ஆம் ஆண்டில் இந்தியர்கள் கொடுத்த ஷெங்கன் விண்ணப்பங்கள் 11 லட்சத்துக்கு மேல், மறுக்கப்பட்டவை சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம். பாஸ்போர்ட் ஒரு தூதரகத்தில் இருக்கும் வாரங்களில் இன்னொரு நாட்டுக்கு அதைக் கொடுக்க முடியாது. அதனால் பல நாட்டுப் பயணத்தில் விசாக்களின் வரிசையைத்தான் முதலில் திட்டமிட வேண்டும், ஊர்களின் வரிசை அப்புறம்.

கன்டோன்மென்ட் பக்கத்து டிராவல்ஸ் அலுவலகங்களில் காதில் விழும் பேச்சு இப்படி இருக்கும்.

“மாமி, உங்க பேர்ல தனி அக்கவுண்ட் இருக்கா?”

“இருக்கும்மா. ஆனா அதுல என்ன இருக்கப் போறது? பென்ஷன் மாமா கணக்குலதானே வர்றது.”

“அப்ப மாமா ஸ்பான்சர் பண்றதா ஒரு லெட்டர் போட்ருவோம். மூணு வருஷ ஐ.டி.ஆர்., ஆறு மாச ஸ்டேட்மென்ட், வீட்டுப் பத்திரம் நகல் எல்லாம் கொண்டு வந்துடுங்க மாமா.”

நாற்பது ஆண்டு குடும்பம் நடத்திய பெண்மணி, தன் ஊருக்குத் திரும்பி வருவார் என்பதற்கு அத்தாட்சியாக வீட்டுப் பத்திரத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பத்திரமும் பெரும்பாலும் கணவர் பெயரில். இந்த விதிகளை எழுதியவர்கள் சம்பளச் சீட்டு உள்ள மனிதரை மட்டும் மனதில் வைத்து எழுதினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து, மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியருக்கு இரண்டு ஆண்டு பன்முறை விசாவும், அதன்பின் ஐந்தாண்டு விசாவும் கிடைக்க வழி செய்திருக்கிறார்கள்.

அமெரிக்கா இன்னும் கடினம். கிடைத்தால் பெரும்பாலும் பத்தாண்டுக்குக் கிடைக்கிறது, ஆனால் நேரில் போக வேண்டும். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் இரவு சென்னைக்குக் கிளம்பி, ஒரு நாள் கைரேகை, மறுநாள் ஜெமினி பாலத்தருகே துணைத் தூதரகத்தில் இன்டர்வியூ, அங்கே ஒரு கண்ணாடிக்கு முன் இரண்டு மூன்று நிமிடம். 79 வயதைத் தாண்டியவர்களுக்கும் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கும் இந்த இன்டர்வியூவிலிருந்து பல ஆண்டுகள் விலக்கு இருந்தது. 2025 செப்டம்பர் 2 முதல் அந்தப் பொது விலக்கை எடுத்துவிட்டார்கள். பழைய விசா முடிந்து ஓராண்டுக்குள் புதுப்பிப்பது போன்ற சில வகைகளுக்குத்தான் இப்போது அது உண்டு. படி ஏற முடியாத எண்பது வயதுப் பாட்டியைப் பேத்தியின் பிரசவத்துக்காகச் சென்னைக்கு அழைத்துப்போய் நிறுத்துவதில் எந்த நாட்டுக்கு என்ன பாதுகாப்பு கூடுகிறது என்று எனக்குப் புரியவில்லை.

நம் பெயர்களும் இந்தக் காகிதங்களுக்குள் அடங்குவதில்லை. ரங்கநாதன், ரங்கராஜன், ரங்கநாயகி என்று ஒரே பெயர், முன்னால் தந்தையின் தலைப்பெழுத்து. குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதுவது? சிலர் தந்தை பெயரை எழுதினார்கள், சிலர் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். காலியாக விட்டவர்களின் அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியாது என்று பொருள்படும் மூன்றெழுத்து ஏறிவிடுகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுக்கு வருகை விசா இல்லை என்று அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ வேறு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அதற்குள் எத்தனை பேர் பதறிப்போனார்கள்! சாதிப் பெயரை உதறிய ஒரு சமூகத்தின் பழக்கம் உலகத்தின் படிவத்தில் குறையாகத் தெரிகிறது. பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போதே இந்தக் கட்டத்தை யோசித்து நிரப்பும்படி என்னைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிவருகிறேன்.

கிழக்கே பார்த்தால் காற்று வேறு மாதிரி. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியருக்கு 30 நாள் விசா விலக்கு தந்து, அதை 2026 இறுதி வரை நீட்டித்திருக்கிறது. தாய்லாந்தும் 2024 ஜூலையில் 60 நாள் விலக்கு அறிவித்தது. சிங்கப்பூருக்கு இன்னும் விசா வேண்டும், ஆனால் ஏஜென்ட் மூலம் இணையத்தில் வந்துவிடும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் நேராக விமானம் இருப்பதால், மலேசியக் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போய் வருகிறார்கள். சாமான் சுமந்து போய்வரும் குருவிகளுக்கு மட்டும் தெரிந்திருந்த வழி இது, இன்று எல்லோருடையதும் ஆகிவிட்டது. விசா போன இடத்தில் வருகை அட்டை வந்திருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து மூன்றும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பச் சொல்கின்றன. மூன்றுமே இலவசம். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிக் காசு பறிக்கும் தளங்கள் பல இருக்கின்றன, கவனம் வேண்டும். தமிழில் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவர்களுக்கு இந்த அட்டை ஒரு பெரிய மலை. விமான நிலையத்திலேயே அவர்களுக்கு நிரப்பிக்கொடுக்க ஒரு மேசை போட்டால் எத்தனை புண்ணியம்.

அந்த விமான நிலையம் 2012 அக்டோபரில் சர்வதேச நிலையமாக அறிவிக்கப்பட்டது. ஸ்ரீரங்கக் கோபுரத்தையும் கோலங்களையும் ஏந்திய புதிய முனையம் 2024 ஜனவரி 2-இல் திறக்கப்பட்டு ஜூனில் இயங்கத் தொடங்கியது. உள்ளே வருகிறவர்களுக்கும் 2015 முதல் இ-விசாவில் நேராக இங்கே இறங்க முடிகிறது. முன்பெல்லாம் புறப்படும்போது குடிவரவு கவுன்டரில் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும், பேனா கேட்டு ஆளாளுக்கு அலைவார்கள். 2017 ஜூலையில் அது ஒழிந்தது. 2025 செப்டம்பர் 11 முதல் திருச்சியிலும் விரைவு குடிவரவுத் திட்டம் நடப்பில் இருக்கிறது. முன்கூட்டியே பதிந்து கைரேகை கொடுத்தவர்கள் தானியங்கிக் கதவு வழியாகச் சில நொடிகளில் போய்விடலாம். இந்தியக் குடிமக்களுக்கும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அது உண்டு.

விமான நிலையம் போகும் அதே புதுக்கோட்டைச் சாலையில் கொட்டப்பட்டு இருக்கிறது. அங்கே இலங்கைத் தமிழர் முகாம். அங்கு வாழ்ந்த ஒரு பெண், 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்தவர், 2021-இல் பாஸ்போர்ட் கேட்டு மறுக்கப்பட்டார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்று குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு சொல்கிறது. 2022 ஆகஸ்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை எடுத்துச் சொல்லி, பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் அவர் வாக்களித்தார். முகாமிலிருந்து வாக்களித்த முதல் நபர் என்று நாளிதழ்கள் எழுதின. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குத் தாயோ தந்தையோ இந்தியக் குடிமக்களாக இருந்தால்தான் வழி. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு தந்தது. நல்லது. ஆனால் விலக்கை வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. சிங்கப்பூரில் வேலை கிடைத்தாலும், கனடாவில் அண்ணன் கூப்பிட்டாலும், விசா கேட்பதற்கு முன் காட்ட வேண்டிய புத்தகம் அவர்களிடம் இல்லை. முகாமில் பிறந்து, திருச்சிக் கல்லூரிகளில் பட்டம் வாங்கியவர்களும் இவர்களில் அடக்கம்.